காற்றுக்குப் பூட்டுப் போட்ட சித்தர்

எங்கள் தெருமுனை உள்விளையாட்டரங்கத்துக்கு அன்று வந்த கூட்டத்தில் பாதிப்பேர் கபடி பார்க்க வரவில்லை. காற்றைக் கட்டிப்போட்டவரைப் பார்க்க வந்தார்கள். கிரிவலம் முடித்த கையோடு வந்தவர்கள், கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் இருவர். எல்லார் மணிக்கட்டிலும் சிவப்புக் கயிறு. கயிறு கட்டினால் வீட்டுக் கூரை பறக்காதாம். ஒருவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் கட்டியிருந்தார். ஸ்கூட்டரும் பறக்கக் கூடாதே!

விஷயம் இதுதான். போன ஐப்பசியில் இதே அரங்கில் பள்ளி மாணவிகள் கபடி நடந்தபோது, சூறைக்காற்று கூரைத் தகடு இரண்டைப் பிய்த்து உள்ளே போட்டது. கூட்டம் மொத்தமும் ஒரே வாசலில் முட்டியதில் எழிலரசி என்ற பெண்ணுக்குக் கை முறிந்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று அரங்கத்தின் சொந்தக்காரர் ஆதிமூலம் முடிவு செய்தார். வேறு யாராவது என்றால் கூரையின் நட்டு போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். ஆதிமூலம் காத்துக்கட்டிச் சித்தரைக் கூட்டிவந்தார்.

சித்தர் வந்ததும் அரங்கத்துக்குத் திக்குக்கட்டுப் போட்டார். நான்கு வாசல்களில் கிழக்கு வாசல் மட்டும் திறந்திருக்கலாம். மற்ற மூன்றுக்கும் குறுக்கே சிவப்புக் கயிறு, நடுவில் எலுமிச்சம்பழம், அதற்கும் மேலே திண்டுக்கல் பூட்டு. மந்திரத்தின் மேல் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதற்கு அந்தப் பூட்டைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. சாவிகள் சித்தரின் இடுப்பில் தொங்கின. 'அவசர வழி' என்று எழுதியிருந்த பலகையை மறைத்து அவருடைய படத்தை மாட்டினார்கள். அவசரத்துக்கு அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் சக்தி சாமானியமில்லை. பட்டுத்துணி சுற்றிய பித்தளைச் சொம்பு ஒன்று வைத்திருந்தார். உள்ளே வருண பகவான். சித்தர் அதில் காதை வைத்து, "வடகிழக்குல மேகம் கெளம்பிடுச்சி. மூணு பத்துக்கு மழை" என்பார். மூன்று பத்துக்கு மழை வரும். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வருண பகவான் வாட்ச் கட்டியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அரையிறுதி அன்று காலையே வானம் கரியைப் பூசிக்கொண்டு நின்றது. பயிற்சியாளர் திரௌபதி தன் பெண்களோடு வந்தாள். போன வருடம் கை முறிந்த எழிலரசிதான் இந்த வருடம் அந்த அணிக்குத் தலைவி. திரௌபதி எதிரணியைப் பார்க்கவில்லை, ஆடுகளத்தைப் பார்க்கவில்லை, நேரே ஆதிமூலத்திடம் போனாள். நானும் தற்செயலாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், இன்னிக்கி ஆரஞ்சு எச்சரிக்கை குடுத்திருக்காங்க. காத்து அடிச்சா பசங்க எங்க போகணும்? யாரு சொல்லுவாங்க? எந்தக் கதவு?"

"நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்கம்மா. சித்தர் பாத்துக்குவாரு."

"சித்தர் கூரையைக் கையால புடிச்சிக்குவாரா சார்? தெக்குக் கதவுக்கு அந்தாண்ட உடை மாத்துற ரூமெல்லாம் கான்க்ரீட். தகடு பிச்சிக்கினா அங்கதான் போகணும். அதைத் தொறந்து வைங்க."

"தெக்கா!" ஆதிமூலம் காதைப் பொத்திக்கொண்டார். "அது யமன் வர்ற வழிம்மா. கட்டு அவுந்துடும்."

மதியம் ஆட்டம் சூடுபிடித்த நேரம், சித்தர் சொம்பில் காதை வைத்தார்.

"இருவது நிமிஷத்துல சூறை வருது. யாரும் எழுந்துக்காதீங்க. கட்டு போட்ட எடம். ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது!"

யாரும் எழுந்திருக்கவில்லை. போதாததற்கு வெளியே இருந்த தெருவே உள்ளே வந்தது. ஒருவர் தையல் மிஷினைத் தூக்கிவந்தார். பூக்கார வள்ளி கூடையோடு வந்து ஆடுகளத்தை ஒட்டி உட்கார்ந்தாள். நானும் வீட்டில் காயவைத்திருந்த கொத்தவரங்காய் வத்தலை மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

திரௌபதி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினாள். சித்தர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாமி, தெக்குக் கதவுச் சாவி."

"குடுத்தா யமன் உள்ள வந்துடுவான், தாயே."

"பூட்டைப் பாத்தா யமன் திரும்பிப் போயிடுவாரா? ஆளில்லாத வீடுன்னு நெனச்சிக்குவாரா?"

கூட்டத்தில் சிரிப்பு. சித்தருக்குக் கண் சிவந்தது. "சாமி குத்தம்! சொம்புல வருணன் கேட்டுக்கினு இருக்காரு!"

"நெஜமாவே உள்ள வருணன்தானா?"

"சாட்சாத்!"

திரௌபதி எழிலரசி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். "மழைக்கே அதிபதி. எவ்ளோ நேரமா வறண்ட சொம்புல உக்காந்திருக்காரு, பாவம். கொஞ்சம் ஊத்திடறேன். குளுகுளுன்னு இருக்கும்."

"ஐயோ! ஊத்தாதே!" சித்தர் சொம்பைக் கட்டிக்கொண்டார்.

"ஏன் சாமி, வருணனுக்கு ஜலதோஷமா?"

சோதனை அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் பக்தியை லேசாக நினைக்கக் கூடாது. வள்ளி எழுந்தாள். "அபிஷேகந்தானே சாமி, நல்ல காரியமாச்சே! வேணாம்னு எந்தச் சாமி சொல்லும்?" தன் கூடைக்குத் தெளிக்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பின்னால் இருபது பாட்டில். ஒருவர் இளநீரே கொண்டுவந்தார். "வருணா! வருணா!" என்று கோஷம் வேறு. திரௌபதியின் சந்தேகத்தைச் சித்தர் சமாளித்திருப்பார். பக்தர்களின் பக்தியை எப்படிச் சமாளிப்பது? சொம்போடு பின்பக்கமாகவே நடந்தார். கபடிப் பாய் விளிம்பில் கால் தடுக்கியது. சொம்பு உருண்டது. உள்ளிருந்து வருண பகவான் வெளியே விழுந்தார்.

கறுப்பு உறை போட்ட செல்போன். "திருவண்ணாமலை மாவட்டத்தில் இடி மின்னலுடன் பலத்த காற்று" என்று மெல்லிய பெண்குரலில் படித்துக்கொண்டிருந்தது.

வள்ளியின் கை அந்தரத்தில் நின்றது. எழிலரசி போனை எடுத்துப் பார்த்தாள். "மிஸ், படத்துல நம்ம ஊரு மேல செவப்பா வருது. இன்னும் எட்டு நிமிஷம்னு போட்டிருக்கு."

"போன் சொல்றது நெஜம்" என்றாள் திரௌபதி. "கயிறுதான் பொய். சாவியைக் குடுய்யா!"

சித்தர் கொடுக்கவில்லை. தானே ஓடிப்போய்த் தெற்குக் கதவைத் திறந்து, கயிற்றை அறுத்து, எலுமிச்சம்பழத்தை மிதித்து, யமன் வரும் வழியில் முதல் ஆளாக நுழைந்தார்.

திரௌபதி விசில் ஊதினாள். சின்னப் பெண்கள் முதலில், பிறகு வயதானவர்கள், பிறகு மற்றவர்கள். "ஓடாதீங்க, சுவரோரமா நடங்க! மூட்டையைப் போடுய்யா!" மூட்டையைப் போடச் சொன்னது என்னைத்தான். போட்டேன். கடைசி ஆளாக ஆதிமூலத்தைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தபோது, மேலே உலகமே கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான்கு தகடுகள் ஆடுகளத்தில் வந்து விழுந்தன. கொஞ்சம் முன்னால் வள்ளி உட்கார்ந்திருந்த இடம் அது. அவளுடைய கூடை தட்டையாக நசுங்கிக் கிடந்தது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. கான்க்ரீட் அறையில் ஆளோடு ஆள் ஒட்டி நின்றிருந்தோம். ஆதிமூலம் அழாத குறையாகக் கேட்டார்: "சாமி, கட்டு போட்டேன்னீங்களே?"

"கதவுக்குத்தான் போட்டேன். கூரைக்குப் போடச் சொல்லி நீங்க தனியா சொல்லவே இல்லையே!"

போலீஸ் வந்து சித்தரிடம் பெயர் கேட்டது. விமல்ராஜ் என்றார். அந்த ஜடாமுடிக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டவே இல்லை.

மழை விட்டதும் வள்ளி மெதுவாகத் திரௌபதி பக்கத்தில் வந்தாள். "மிஸ், உங்க விசில்ல என்னமோ சக்தி இருக்கு. ஒருவாட்டி தொட்டுக் கும்பிட்டுக்கட்டா?"

திரௌபதி தலையில் அடித்துக்கொண்டாள். "கும்பிடாதக்கா. அது ஊதுனா எந்தக் கதவுக்குப் போகணும்னு முன்னாடியே கேட்டு வெச்சிக்க. அவ்ளோதான் சக்தி!"

ஆகவே, மகா ஜனங்களே! எந்த அரங்கத்துக்குள் போனாலும் உட்காரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: காற்றடித்தால் எங்கே போவது? கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். அங்கேயும் தலைக்கு மேலே கூரை இருக்கிறது. தலைக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுதான் சந்தேகம்.