கூப்பருக்கு என்ன கருத்து

“அத்தான், கூப்பர் எண்டால் என்ன கருத்து?” ஒஸ்லோவின் மறு மூலையான ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து மச்சாள் சிறிதேவி சபாரத்தினத்திடம் தொலைபேசியில் கேட்டாள்.

மகள் ஹம்சத்வனியின் கலியாணத்துக்கு இன்னும் நாலு நாள். மாப்பிள்ளை டானியேல் கூப்பர், ஆங்கிலேயன். சபாரத்தினத்தின் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு குளிர்மாரி முழுக்க எல்லிங்ஸ்ருட் வீட்டு வாசலில் பனி அள்ளிய பெடியன். அந்த நன்றி அவருக்கு நிறையவே இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. நோர்வேக்கு அகதியாக வந்த நாளில் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரையே எழுதிவிட்டார்கள். ஒரே பிள்ளை இனிக் கூப்பர் என்று போட்டால் அந்தப் பெயர் அவரோடு முடிந்துவிடும். வருகிற பெயருக்காவது நல்ல கருத்து இருக்கட்டும் என்று இணையத்தைத் துழாவியிருந்தார்.

“பீப்பாய் செய்யிற ஆக்களாம்.”

“பீப்பாய்க்குள்ள என்ன?”

“பியராக்கும்.”

பின்னேரத்துக்குள் மாப்பிள்ளை வீட்டார் சாராயக்காரர் என்று ஒஸ்லோத் தமிழருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. சபாரத்தினம் பதறிப்போய், “மீன் உப்புப் போடுற பீப்பாயும் செய்தவை” என்று திருத்தினார்.

மறுநாள் கோயில் ஐயரே தொலைபேசி எடுத்தார். “கலியாணத்துக்கு மீனும் மச்சமுமாய்ச் சாப்பாடாமே? நான் வரமாட்டன்.”

“ஐயா, அது ஐந்நூறு வருசத்துக்கு முந்தின கதை! பெடியன் கொம்பியூட்டர் வேலை!”

அரை மணித்தியாலத்தில் மறுபடியும் சிறிதேவி. “ஏன் அத்தான் பீப்பாயை விட்டவை? தொழில் படுத்திட்டுதோ?”

சபாரத்தினம் தொலைபேசியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

கலியாணத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை நகரசபையில் பதிவு எழுத்து. மேரின் என்ற அதிகாரி மோதிரம் மாற்ற வைத்து, கடதாசியைப் பார்த்து வாசித்தார்: “இனி இருவருக்கும் குடும்பப் பெயர் சபாரத்தினம்.”

சபாரத்தினம் துள்ளி எழும்பினார். “பிழை! பிழையாய் எழுதிப்போட்டியள்!”

“இல்லையே. மாப்பிள்ளைதான் கேட்டு எழுதியிருக்கிறார்” என்றார் மேரின்.

டானியேல் சபாரத்தினம். நம்மவர் வழக்கப்படி பெயருக்குப் பின்னால் நிற்பது தகப்பன் பெயர். அவர் மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்ல நோர்வேஜியனும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

பின்வரிசையில் சிறிதேவி மூக்கை உறிஞ்சினாள்.

“பாத்தியளே அத்தான், பெடியன் உங்கட பேருக்கு ஒரு கருத்தும் கேக்கேல்லை.”