பதினோரு வாளிப் பள்ளிக்கூடம்

மனித குலத்தின் கல்வியை உயர்த்திய மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று: எழுத்து, அச்சு, ஒழுகும் கூரை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவதைக் கண்டுபிடித்த 'ஏழ்மையிலும் ஏற்றம்' ஆய்வுக் குழு, நம் நல்ல காலம், இன்னும் பணியில் இருக்கிறது.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம், பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஓர் அரசுப் பள்ளி. அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிள்ளைகள் ஏழைகள். மீதி நாலு பேரின் பெற்றோருக்கு 'ஏழை' என்று காட்டும் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை. அப்படிப்பட்ட பள்ளி பொதுத் தேர்வில் முதலிடம் வந்ததும் மேலிடம் ஆடிப்போனது. காப்பியடித்திருப்பார்கள் என்று மறுதேர்வு வைத்தார்கள். பிள்ளைகள் முன்னைவிடக் கூடுதலாக வாங்கித் தொலைத்தார்கள். வேறு வழியில்லாமல், பாராட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

குழு வருகிறது என்றதும் தலைமை ஆசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. முதலிடம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை, கூரைதான் பெரிது. மூன்று வருடமாக அவர் எழுதிய பத்தொன்பது விண்ணப்பங்களும் 'பரிசீலனையில்' சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்கோ ஆளுக்கு ஒரே ஒரு சீருடை. அது நனைந்தால் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் மழை நாளில் மணியடித்த பிறகு ஆசிரியைகள் வரிசையாக நின்று, ஈரச் சட்டைகளை இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கொடுப்பார்கள். அதுவரை ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளுக்கு, கையோடு வாய்ப்பாடும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பிள்ளையையும் ஒரு நாளும் விட்டுவிடுவதில்லை. ரகசியம் அவ்வளவுதான்.

"குழு வர்ற அன்னைக்கு மட்டும் கொட்டணும் கடவுளே" என்று தலைமை ஆசிரியை வாழ்நாளில் முதல்முறையாக மழையை வேண்டிக்கொண்டார். கொட்டியது.

குழுத் தலைவர் குடையை மடக்காமலே வகுப்புக்குள் வந்தார். பின்னால் புள்ளிவிவர நிபுணர். அட்டெண்டர் (பிள்ளைகளுக்கு அவர் 'வாளி அண்ணன்') பதினோரு வாளிகளை அதனதன் இடத்தில் வைத்தார். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஈரமில்லாத பாதிக்கு மாறினார்கள்.

"பாத்தீங்களா சார், எப்படி ஒழுகுதுன்னு!"

"பாத்தேம்மா. நாப்பதே விநாடி! எங்க ஆபீஸ்ல ஒரு நாற்காலிய நகர்த்தணும்னா நாலு கடிதம் போகணும். என்ன குழுப்பணி!"

கரும்பலகைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி குரல் கொடுத்தாள். "டீச்சர், அஞ்சாவது வாளிக்கு இன்னும் நாலு நிமிஷந்தான் இருக்கு."

நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது நிமிடம் வாளி நிரம்பி வழிந்தது. அவர் கன்னத்தில் ஒரு துளி உருண்டது. கண்ணீராகவும் இருக்கலாம், கூரையாகவும் இருக்கலாம்.

"வழியறதுக்குள்ள புத்தகத்த எடுக்கணுமேன்னு தானா கணக்குப் போடக் கத்துக்கிட்டா சார்" என்றார் தலைமை ஆசிரியை.

"அனுபவக் கல்வி" என்று எழுதிக்கொண்டார் நிபுணர்.

தலைமை ஆசிரியை இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காட்டினார். "உண்மையில இதுதான் சார் காரணம்."

"தோற்றப் பொலிவு" என்று எழுதிக்கொண்டார் நிபுணர்.

"சார், அந்தக் கூரை..."

"கவலப்படாதீங்கம்மா. அறிக்கை முழுக்கக் கூரையப் பத்தித்தான்" என்று தலைவர் கைகூப்பி விடைபெற்றார்.

அன்று தலைமை ஆசிரியை எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பாவம்.

இரண்டு வாரத்தில், குழுத் தலைவரின் கையெழுத்தோடு ஆணை வந்தது. 'மேற்படி பள்ளியின் வெற்றிக்கும் மேற்படி கூரைக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆகவே கூரையைப் பழுதுபார்ப்பது தடை செய்யப்படுகிறது. இதர பள்ளிகளில் காணப்படும் ஒழுகாமைக் குறைபாடு உடனடியாகக் களையப்படும். வகுப்பு ஒன்றுக்குத் துளை பதினொன்று, வாளி பதினொன்று.'

வாளி அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏன் டீச்சர், நாம ஃபெயிலாகியிருந்தாலாவது கூரை போட்டிருப்பாங்களோ?"

"அடுத்த தெருப் பள்ளிக்கூடம் ஃபெயிலாச்சே, போட்டாங்களா?"

"இழுத்துப் பூட்டிட்டாங்க. அங்க நம்மளவிட மோசமா ஒழுகிச்சே டீச்சர்! அத ஆராயலியா?"

"பூட்டின பள்ளிக்கூடம் கணக்குல வராதாம்."

சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

பாராட்டு விழா தலைமை அலுவலகத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. பரிசு, தங்க முலாம் பூசிய வாளி. தலைவர் ஒழுகலின் மேன்மையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது மேலேயிருந்த ஏசியிலிருந்து ஒரு சொட்டு, மேசைமேல் இருந்த அவருடைய உரைத்தாளில் விழுந்து சட்டையில் தெறித்தது.

பேச்சு நின்றது. உதவியாளர்கள் ஓடினார்கள். ஏணி வந்தது, பொறியாளர் வந்தார், அவருக்கும் மேலான பொறியாளர் வந்தார். விண்ணப்பம் இல்லை, பரிசீலனை இல்லை. ஒன்பது நிமிடத்தில் அடைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மன்னிக்கணும்" என்றார் தலைவர், சட்டையைத் துடைத்துக்கொண்டு. "மேல தண்ணி சொட்டினா ஒரு மனுஷன் எப்படி உக்காந்து வேலை பாக்க முடியும்?"

மண்டபம் அனுதாபத்தோடு தலையாட்டியது. தலைமை ஆசிரியை எழுந்து போய், தங்க வாளியை அவர் மேசைமேல், அந்தச் சொட்டு விழுந்த இடத்திலேயே வைத்தார். ஒலிபெருக்கி திறந்தே இருந்தது.

"மனுஷனால முடியாதுதான் சார். எங்க பிள்ளைங்களால முடியும்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."