மாப்பிள்ளையின் தேனை நிறுத்தியது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் முந்நூற்றிருபது கணினிகளும் சுகம் என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். மனைவி சுகம். மற்றதைப் பற்றியதுதான் இக்கடிதம். தாங்களும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று தங்கள் அண்ணார் என்னைத் தனியே அழைத்து, தன் வீட்டுப் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்புகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆகையால் என் உத்தியோகத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் முந்நூற்றிருபது கணினிகளை பீரோ பீரோவாக அடுக்கி, ஒன்றாகக் கோத்து, ஒரே பெருங்கணினியாக வைத்திருக்கிறோம். நட்சத்திரத்தை ஆராய்பவர், மருந்தை ஆராய்பவர், நில நடுக்கத்தை ஆராய்பவர் என்று அறுநூறு பேர் தத்தம் கணக்கை இதில்தான் ஓட்டியாக வேண்டும். எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், நிறைய ஓட்டியவர் பின்னால் போக வேண்டும், அந்த வரிசைக்கு நான் காவல். பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அதைவிட மோசம் சம்பந்தி.

நம் மாப்பிள்ளை ஆராய்வது, சாய்வான பரப்பில் தேன் எப்படி வழிகிறது என்பதை. கரண்டியிலிருந்து தட்டுக்குத் தேன் வர நாலு வினாடி ஆகும். அந்த நாலு வினாடியைக் கணினிக்குள் வழியவிடப் பதினைந்து நாள் ஆகும். நான் குறை சொல்லவில்லை, அறிவியல் அப்படி. ஆனால் கல்யாணமான மறுவாரமே புயலை ஆராயும் பெண்மணி ஒருவர் கேன்டீனில் பேச ஆரம்பித்துவிட்டார். அவரை நாங்கள் சூறாவளி அம்மா என்போம், ஆராய்ச்சியை மட்டும் வைத்தல்ல. "அந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு மாமனார் வீடு. எப்ப வேணா போவாரு, காலை நீட்டிப் படுப்பாரு, யாரு கேக்கறது?" என்று என் காதுபடச் சொன்னார். மறுநாள் யாரோ இயந்திர அறைக் கதவில் 'மாமனார் வீடு' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். ஒன்றரை மாத வெளிநாட்டுப் பயணம் கிளம்பிக்கொண்டிருந்த எங்கள் இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு நியாயம் முக்கியம். யாரா இருந்தாலும் தயவு தாட்சண்யம் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாப்பிள்ளையை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினேன். முந்தாநாள் சேர்ந்தவரெல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால், "சௌக்கியமா மாமா?" என்பார், அவ்வளவுதான். இருபத்து மூன்று நாள் கழித்து அவருக்கு இடம் கிடைத்து, தேன் வழிய ஆரம்பித்துப் பதினொரு நாள் ஆகியிருந்தபோதுதான், போன திங்கட்கிழமை மத்தியானம், குளிரூட்டும் குழாய் வெடித்தது.

மெக்கானிக் இடுப்புவரை நனைந்தபடி ஓடி வந்தார். "சார், பத்து நிமிஷத்துல பாதியை அணைச்சிடுங்க. இல்லைன்னா மொத்தமும் கரிக்கட்டைதான்." சின்னக் கணக்குகளை விட்டுவிட்டு ஒரு பெரிய கணக்கை நிறுத்தினால் போதும். யாருடையதை நிறுத்துவது? புயலை நிறுத்தினால் இன்னொரு புயல் மாடியேறி வரும். தேனை விட்டுவைத்தால் மாமனார் வீடு. பட்டியலில் மாப்பிள்ளையின் பெயரைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினேன். பதினொரு நாள் உழைப்பு ஒரே தட்டில் போயிற்று. அவ்வப்போது சேமித்து வையுங்கள் என்று நானும் பதினேழு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன், யார் படிக்கிறார்கள்?

அன்று முதல் நான் மனிதனாக இல்லை. செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் ஒரு மாதிரியா இருக்காரு. தட்டுல கையை வெச்சுக்கிட்டு ஜன்னலையே பாக்கறாரு. ஆபீஸ்ல ஏதாவதா?" என்றாள். கரன்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்தேன். புதன்கிழமை மாப்பிள்ளையே என்னைத் தேடி வந்துவிட்டார். நான் இயந்திர அறைக்குள் புகுந்து ஒரு பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். குழாயைச் சரிசெய்து அறையைப் பதினாறு டிகிரிக்குக் கொண்டு வந்திருந்தார்கள். மெக்கானிக் எட்டிப் பார்த்து, "சார், உங்க மாப்பிள்ளை வெளிய நிக்கறாரு" என்றார்.

"நான் இல்லைன்னு சொல்லுப்பா."

"கண்ணாடிக் கதவு சார். கைய ஆட்டிக்கிட்டு இருக்காரு."

நாற்பது நிமிடம் நின்றேன் சம்பந்தி. இப்போது மூக்கு ஒழுகுகிறது. "மாமா, உங்ககிட்ட தனியா பேசணும்" என்று ஆறு செய்தி அனுப்பியிருக்கிறார். திறக்கவே பயமாக இருக்கிறது. அவரது ஆய்வுக் கட்டுரையை இம்மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்பதும், அதைச் சம்பந்தியம்மா உறவுக்காரர் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஊருக்கு நல்லவனாகப் போய் உறவைக் கெடுத்துக்கொண்டேன். என் மேலுள்ள கோபத்தை என் மகள்மேல் காட்டிவிட வேண்டாம் என்று தாங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தப் பிழைக்காகத் தங்கள் இருவரிடமும் மனமார மன்னிப்புக் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் அண்ணாரின் பிரிண்டருக்கும் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டார். தேன் நேற்றுக் காலை நல்லபடியாக வழிந்து முடிந்ததாம். "அதைப் பத்தித்தான் மாமா நாலு நாளா யோசனை. எனக்காக நீங்க இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்" என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பட்டியல் எல்லாருடைய பெயரையும் எட்டு எழுத்தோடு வெட்டிவிடுமாம். மாப்பிள்ளைக்கும் எங்கள் இயக்குநருக்கும் முதல் எட்டெழுத்தும் ஒன்றே. நான் நிறுத்தியது, இயக்குநர் வெளிநாட்டிலிருந்தபடியே ஓட்டிக்கொண்டிருந்த கணக்கை. மாப்பிள்ளையின் தேனைக் காப்பாற்ற இயக்குநரின் கணக்கையே மாமனார் வெட்டிவிட்டார் என்று கேன்டீனே பேசுகிறதாம். இயக்குநர் இன்று மாலை விமானத்தில் திரும்புகிறார். ஆகையால், மேலே தங்களிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு அது எனக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது.