கேசரிக்கு உப்பு பார்த்த மாப்பிள்ளை

பயந்தவன் எதையும் அளவோடு செய்யமாட்டான். நான் வாய் கொப்பளித்ததும் அப்படித்தான்.

பெண் பார்க்கப் போக மூன்று வாரம் இருந்தபோது, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வந்தது. வேறு பெண்ணாக இருந்தால் சமாளித்திருப்பேன். கவிதா பல் கிளினிக்கில் நர்ஸ். (என் போட்டோவில் முதலில் பல்லைத்தான் பார்த்தாளாம்!) முப்பத்து நான்கு வயதில் உருப்படியாக வந்த ஒரே வரன். அது ஈறால் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேக்காவில் ஒரு பல் டாக்டரிடம் ஓடினேன். ஈறு நோயின் ஆரம்பம் என்றார். சுத்தம் செய்துவிட்டு, கொப்பளிக்க மருந்து கொடுத்தார். தினம் இரண்டு வேளை, ஒரே வாரம். நான் தினம் ஏழு வேளை, மூன்று வாரம் கொப்பளித்தேன். ஆபீஸ் கழிவறையில் மட்டும் மூன்று தடவை. ஒரு கிருமிகூடத் தப்பக் கூடாது என்று வெறி.

பிடோக்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் கண்ணாடி இருந்தது. மூன்று வாரமாக ஈறை மட்டுமே பார்த்தவன், ஒத்திகைக்குச் சிரித்துப் பார்த்தேன். பல்லெல்லாம் கழுவாத டீ கிளாஸ் மாதிரி பழுப்பு!

அம்மாவோடு உள்ளே போய் உதட்டைத் திறக்காமல் உட்கார்ந்தேன். கவிதாவின் அம்மா கேசரி கொடுத்தார். வாயில் போட்டால் ஒரு ருசியும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு தம்பி?"

"அருமை ஆன்ட்டி. உப்பு சரியா இருக்கு."

என் அம்மா தலையில் கைவைத்தார். கவிதாவின் அப்பா என் பல்லையே பார்த்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. புகையிலை போடுறீங்களா? இந்த நாட்டுல அதுக்குத் தடை லா!"

"அப்பா, அது மவுத்வாஷ் கறை," என்றாள் கவிதா. என்னிடம் திரும்பினாள். "எத்தனை தடவை கொப்பளிச்சீங்க?"

"ஏழு."

"வாரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு. ஈறுல ரத்தம் வந்துச்சு. நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "வாயில நல்ல கிருமியும் இருக்குங்க. கெட்டது பெருகாம அதுங்கதான் பாத்துக்குது. நீங்க ரெண்டையும் சேத்து அழிச்சிருக்கீங்க. முதல்ல அத நிறுத்துங்க. கறைய கிளினிக்ல சுத்தம் பண்ணிடலாம், ருசி தானா வந்துடும்."

"அப்போ கல்யாணம்?" என்று உளறிவிட்டேன். அப்போதுதான் சிரித்தாள்.

ஈறு ஆறியது, கல்யாணமும் நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் முதல் கரண்டி கேசரியை என்னிடம்தான் நீட்டுகிறார்: "மாப்பிள்ளை, உப்பு பாத்துச் சொல்லுங்க." நான் ருசி பார்ப்பேன். கவிதா என் பல்லைப் பார்ப்பாள்.