காதுகுத்துக்குப் போன தார்ப்பாய்கள்

வெயிலை நம்பிப் பிழைக்கிறவன், பெண் கொடுக்கப் போகிறவரிடம் "சரிங்க மாமா" என்று சொல்லுமுன் ஒரு தடவை அண்ணாந்து வானத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. வறுத்த ஜவ்வரிசியை சிமெண்ட் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி நடப்பேன் (காயவைத்தது வெயில், சம்பளம் எனக்கு). தூறல் விழுந்தால் குவித்து மூட நான்கு பெரிய தார்ப்பாய்கள் இருந்தன. அவற்றை வைத்திருந்த அறையின் சாவி என்னிடம் இருந்ததால், ஆலையே என்னிடம் இருப்பதாக நினைப்பு.

அப்போதுதான் எனக்கு நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா எங்கள் ஆலைக்கே மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர். வைகாசியில் அவர் பேரனுக்குக் காதுகுத்து வந்தது.

"மாப்பிள்ளைங்க, பந்தலுக்கு மேல போட உங்க ஆலைத் தார்ப்பாய் ஒண்ணு கெடைக்குமுங்களா?" என்றார்.

மாமனார் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்கிறார். "முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் என் மரியாதை என்ன ஆவது? "ஒண்ணு எதுக்குங்க மாமா, நாலையும் எடுத்துக்கங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் மலர்ந்தேன்.

காதுகுத்து அன்று முதலாளி, "செவ்வாப்பேட்டை மண்டி வரைக்கும் போயிட்டு வாரேன், களத்தப் பாத்துக்கப்பா" என்று காரில் கிளம்பினார். எனக்கு லீவு இல்லாமல் போனது. களம் முழுக்க ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மத்தியானம் கொல்லிமலைப் பக்கம் கறுத்தது.

களத்தில் வேலை செய்த பாவாயி அக்கா ஓடி வந்தார். "தார்ப்பாய் எங்கீங்க?"

"ஒரு விசேசத்துக்குக் குடுத்துட்டனுங்க."

"ஜவ்வரிசிக்கும் ஒரு பத்திரிக்க வெச்சிருந்தா அதும் அங்கயே போயி நனையாம இருந்திருக்குமுங்களே" என்றார், பலகையால் குவித்துத் தள்ளிக்கொண்டே. அந்த அவசரத்திலும் அவருக்கு நக்கல் வந்தது. எனக்குக் கைகால்தான் வரவில்லை.

கோணிச்சாக்கு, கிழிந்த பாய் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினோம். நானும் சட்டையைக் கழற்றிக் குவியல் மேல் விரித்தேன் (ஒரு சட்டையளவு ஜவ்வரிசியைக் காப்பாற்றியவன் என்ற பெருமை இன்றும் எனக்கு உண்டு). பாதி குடோனுக்குள் போய்ச் சேர்ந்தது. மீதி என் கண்ணெதிரே ஊறி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பாலும் வெல்லமும்தான் பாக்கி.

மழை விட்டதும் பனியனோடு உட்கார்ந்தேன். வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஆலையில் வேலை என்பதற்காகப் பெண் கொடுக்கிறவர்கள், ஆலை இல்லாத வெறும் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டேன்.

சாயங்காலம் கார் வந்தது. முதலாளி களத்தைப் பார்த்தார், என் பனியனைப் பார்த்தார். அவர் நெற்றியில் சந்தனம், வாயில் வெற்றிலை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"தார்ப்பாய் எங்கப்பா?"

"எல்லாம் கிழிஞ்சு போயிருந்துதுங்க. தைக்கக் குடுத்திருக்கறனுங்க."

அவர் காரை ஒட்டி நின்று நிதானமாக வெற்றிலையைத் துப்பினார். "கிழிசல் ஒண்ணையும் காணமே. இத்தன நேரம் அதுக்கு அடியிலதான் உக்கோந்து சாப்புட்டேன். அடிச்ச மழைக்கு ஒரு சொட்டு ஒழுகுல."

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து திரும்பும் வழியில், கிழங்கு போடுகிறவர் பத்திரிகை வைத்திருக்கிறாரே என்று எட்டிப் பார்த்திருக்கிறார்.

"உங்க மாமனாரு எலைக்கு எலை வந்து, பந்தல் எங்க மாப்பிள்ளை ஏற்பாடுங்கன்னு சொல்றாரு. நானும் நல்லா இருக்குதுங்கன்னு அண்ணாந்து பாத்தா, நம்ம ஆலை பேரு தலகீழாத் தெரியுது."

நான் தரையைப் பார்த்தேன். தரையிலும் ஜவ்வரிசிதான் இருந்தது.

"அங்கயே கேட்டிருப்பேன். உனக்குப் பேசியிருக்கற புள்ள பாயசம் ஊத்தீட்டு எதுத்தாப்புல நின்னுச்சு. வாய்க்கு வந்ததப் பாயசத்தோட முழுங்கீட்டேன்" என்றவர், நடையை எட்டிப் போட்டபடி, "நாளைக்கு வெயிலுக்கு முன்னால வந்து களத்தச் சொரண்டு" என்றார்.

அதாவது, நாளைக்கும் எனக்கு வேலை இருக்கிறது. அவர் காலில் விழலாமென்று நினைத்தேன். ஜவ்வரிசி வழுக்கி, நினைத்து முடிப்பதற்குள் விழுந்தேவிட்டேன்.

கல்யாணமும் நடந்தது. முதலாளி வந்தார். உட்காருமுன் பந்தலை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். ஏனென்று கேட்டவர்களிடம் அவரே சொல்லிவிட, விஷயம் அன்றைக்கே இரண்டு வீட்டாருக்கும் தெரிந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், "பொய்" என்று யாரும் சொல்வதில்லை.

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். சர்க்கரை இருப்பதால் இனிப்பு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டு வந்து, "பாயசத்தைத் தொடவே இல்லை" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ஆமாங்க, ஒரு சொட்டு ஒழுகுல."