இருமலுக்குத் தண்டனை கொடுத்த கோர்ட்டு

மலாயாவின் ஜொகூர் மாநிலத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினாலும், இருமினவனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி ஒருத்தன்தான் கிடைப்பான். அவனுக்கு அப்போது பதினாறு வயது. முளைக்கலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு சரி. கூலாய் ஊர்க்காரர்களான எங்களுக்கு அவன் ‘கோர்ட்டு’.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் பாதி நாள் வேலை, மீதி நாள் சதுரங்கம். ஸ்டேஷனுக்கு எதிரே ராவுத்தர் சாப்பாட்டுக் கடையில்தான் ஆட்டம். ஆட்டம் என்றால் இரண்டு பேர் ஆடுவது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் உட்காருவார்கள், கடையே ஆடும். குதிரையை எடு, யானையை விடாதே என்று சுற்றி நிற்பவர்கள் போடும் கூச்சலில், உட்கார்ந்திருப்பவருக்குச் சொந்தமானது அவருடைய கை மட்டும்தான். ஜெயித்தால் சொன்னவனுக்குப் பெருமை, தோற்றால் உட்கார்ந்தவனுக்கு வசவு.

கோர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. முறையாகப் போட்டி நடத்துகிறேன் பார் என்று கிளம்பினான், என்னையும் இழுத்துக்கொண்டான். காய்களைத் துடைப்பதும் அவன் கோட்டைச் சுமப்பதும் என் இலாகா. ஏதோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கழித்துப் போட்ட கோட்டு அது, அவனுக்கு முழங்கால் வரை வரும். போட்டியில் அவனும் ஆடினான் அல்லவா? கோட்டை மாட்டினால் நடுவர், கழற்றினால் ஆட்டக்காரன். இதை அவன் சிரிக்காமல் செய்வான் என்பதுதான் கொடுமை.

அவன் போட்ட முதல் சட்டம் இது: வேடிக்கை பார்ப்பவர் எந்தக் காயைச் சொல்லிவிடுகிறாரோ, அந்தக் காயை ஆட்டக்காரர் அந்த முறை நகர்த்தக் கூடாது. கேட்க அருமையான சட்டம். அன்று சாயங்காலமே நம் ஆட்கள் அதற்கு வேட்டு வைத்தார்கள். எதிராளி ஜெயிக்கப் போகிற காயை இவர்களே உரக்கச் சொல்லி முடக்கிவிட்டார்கள். கோர்ட்டு அசரவில்லை. மறுநாள் முதல் வாசலிலேயே நிறுத்தி, நீங்கள் யார் பக்கம் என்று கேட்டு, அவரவரை அந்தந்தப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். தன் பக்கத்து ஆள் சொன்னால் மட்டுமே காய் முடங்கும் என்று சட்டத்தைத் திருத்தினான்.

பிறகு செடெனாக் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஆட வந்தார். அவர் பெஞ்சில் ஒரே இருமல். ஒரு தடவை இருமினால் கிராணி குதிரையைத் தொட்டார், இரண்டு தடவை இருமினால் யானையைத் தொட்டார். கோர்ட்டு கையை நீட்டினான், நான் கோட்டைக் கொடுத்தேன். ஆட்டம் முடியும்வரை பெஞ்சு முழுவதும் ரயில் பாதை ஓரமாய்ப் போய் நிற்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதில் ஒரு கிழவருக்கு நிஜமாகவே இருமல்.

“அலமாக், இது எனக்குப் பொறந்ததுலேருந்து இருக்கு தம்பி” என்று மன்றாடினார். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, வெந்நீரோடு வாசலில் உட்கார அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தான் கோர்ட்டு. இருமல் நின்றதும் கிராணியின் ஆட்டமும் நின்றது.

கடைசி ஆட்டம் கோர்ட்டுக்கும் ராவுத்தருக்கும். ஜெயிப்பவர் சிங்கப்பூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். சிங்கப்பூர் என்று சொல்லும்போதே கோர்ட்டுக்குக் குரல் உடையும். கூலாயில் அவனை ஜெயிக்கக்கூடிய ஒரே ஆள் ராவுத்தர்தான். எங்களுக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

கோர்ட்டின் அப்பா ரயில் பாதைக் கூலிகளை மேய்க்கும் மண்டோர். அவர் அதட்டினால் தண்டவாளமே நகரும் என்பார்கள். மரக்கட்டையைத் தள்ளி எவன் சோறு தின்றான் என்பது வீட்டில் அவர் பாடும் ஒரே பாட்டு. ஆட்டம் நடக்கும் பக்கம் எட்டிப் பார்க்காதவர் அன்று வந்தார். எந்தப் பெஞ்சுக்கும் போகாமல் ஓரத்து மேசையில் உட்கார்ந்து டீ சொன்னார். வாசலில் இருந்தது நான்தான். மண்டோரை நிறுத்தி நீங்கள் யார் பக்கம் என்று கேட்க எனக்கென்ன பைத்தியமா?

ஆட்டம் உச்சத்துக்குப் போனது. விட்டால் அடுத்த முறை ராவுத்தர் ஜெயித்துவிடுவார். ஆனால் இந்த முறை கோர்ட்டுடையது. ஜெயிக்கும் வழியை அவன் பார்த்துவிட்டான், நானும் பார்த்துவிட்டேன், பெஞ்சே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. அவன் கை பாதி தூரம் போயிருக்கும்.

“யானையக் கடைசிக் கட்டத்துக்கு எறக்குடா!”

மண்டோர். கையில் டீ கிளாஸோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

ராவுத்தர்தான் முதலில் பேசினார். “எனக்கு ஒண்ணும் காதுல விழல லா. நீ ஆடு தம்பி.” மண்டோர் டீ குடிக்க வந்தவர், அவருக்கு ஏது பக்கம் என்று இரண்டு பெஞ்சுகளும் சேர்ந்து வாதாடின. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத பெஞ்சுகள் அவை.

கோர்ட்டு எழுந்து கையை நீட்டினான். கோட்டைக் கொடுக்காமல் பின்னால் ஒளித்துப் பார்த்தேன், பிடுங்கி மாட்டிக்கொண்டான். அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

“நீங்க யார் பக்கம்?”

யார் பக்கமும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் சிங்கப்பூர் போய்விடுவான். சொல்லுங்கள் மண்டோரே என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவருக்கும் அது தெரியாமலில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம் பக்கந்தான்டா” என்றார். “வேற எவன் பக்கம் இருப்பேன்?”

யானை முடங்கியது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னான். கோட்டைக் கழற்றினான், உட்கார்ந்து ஒரு சிப்பாயைத் தள்ளினான். ராவுத்தர் மனசில்லாமல் மந்திரியை நகர்த்தினார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. சிங்கப்பூருக்கு நீயே போ என்று ராவுத்தர் எவ்வளவோ சொன்னார். தோற்றவன் எப்படிப் போவான் என்று மறுத்துவிட்டான்.

அழுவான் என்று பார்த்தால், என் தோளைப் பிடித்து உலுக்கினான். “அப்பாவுக்கு யானை எப்படிப் போகும்னு தெரியுதுடா. கடைசிக் கட்டம்னு கரெக்டா சொன்னாருடா.” வீட்டில் அவன் காய்களை வாய்விட்டுச் சொல்லித் தனியாக ஆடும்போதெல்லாம், சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் கிடந்தே மனுஷர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவும் மகனும் எனக்கு முன்னால் நடந்தார்கள். யானை போனால் என்ன, குதிரையை வைத்தும் சமாளித்திருக்கலாம் என்று மண்டோர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அது சுத்தத் தப்பு, குதிரைக்கு அங்கே வழியே கிடையாது. எனக்கே தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியாதா? அவன் ஆமாம்பா, ஆமாம்பா என்று தலையாட்டிக்கொண்டே நடந்தான். எனக்கு அகோரப் பசி. எட்டி நடை போட்டிருந்தால் அவர்களை முந்திக்கொண்டு போயிருக்கலாம், மனசு வரவில்லை.