அருவிக்குப் போட்ட பூட்டு

மனித குலத்துக்குப் பெங்களூர் மாநகரம் அளித்திருக்கும் ஒப்பற்ற கொடை, சுவர். மற்ற ஊர்களில் சுவர் கூரையைத் தாங்குகிறது; இங்கே கலையைத் தாங்குகிறது. இந்தப் பேருண்மையை 2002-லேயே கண்டறிந்து, 'பொதுக் கலை நடை' என்று பெயரிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தெருத்தெருவாக நடத்திய பெருமை ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 'பண்பாட்டுக் குழு'வையே சாரும். குழுத் தலைவர், மேனேஜர் சுதீர். உறுப்பினர்கள், சுதீரிடம் வேலை பார்ப்பவர்கள்.

அன்றைய விருந்தாளி ஜெர்மனியிலிருந்து வந்த ஹெல்கா அம்மையார். துணைக்கு லாவண்யா, குடியாத்தத்துப் பெண். அம்மையார் மனம் குளிர்ந்தால் லாவண்யாவுக்கு ஆறு மாதம் ஜெர்மனி என்று சுதீர் வாக்களித்திருந்தார். ஆகவே தொம்மலூரில் அம்மையார் இளநீர் கேட்டபோது அவளும் ஒன்று குடித்தாள். அம்மையார் இன்னொன்று கேட்டபோது இன்னொன்றும் குடித்தாள். விருந்தோம்பலின் பலன் அரை மணி நேரத்தில் அடிவயிற்றில் தெரிய ஆரம்பித்தது.

முதல் கலைப்படைப்பு ஒரு நீண்ட மதில். முழங்கால் உயரத்தில் வரிசையாகச் சாமிப் படம் போட்ட டைல்ஸ்: பிள்ளையார், குழந்தை யேசு, மெக்கா, மறுபடியும் பிள்ளையார்.

"ஏன் இவ்வளவு கீழே?" என்று ஹெல்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

"குனிந்து வணங்க வேண்டும் அல்லவா? பணிவு!" என்றார் சுதீர், கண் கலங்காத குறையாக.

லாவண்யாவுக்குக் காரணம் தெரியும். ஆண்கள் வந்து நிற்காமலிருக்க, சுவருக்குச் சுவர் சாமிகளைக் காவல் போட்ட ஊர் இது. பெண்கள் எங்கே போவார்கள் என்பதை மட்டும் எந்தச் சாமியிடமும் ஒப்படைக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"சார், பக்கத்துல பாத்ரூம் எதாவது..."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. ஆஸ்டின் டவுன்ல மெயின் ஐட்டமே இருக்கு."

மெயின் ஐட்டம் உண்மையிலேயே மகத்தானது. ஒரு கட்டடம் முழுக்க அருவி வரைந்திருந்தார்கள். நீலமும் வெள்ளையுமாக, சத்தம் கேட்காத குறையாக அது கொட்டிக்கொண்டிருந்தது. லாவண்யா கால்களை நெருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். அருவிக்கு மேலே 'பொதுக் கழிப்பிடம் – பெண்கள்' என்று எழுதியிருந்தது. கதவில் தேங்காய் அளவு பூட்டு.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி அசோகனிடம் ஓடினாள்.

"அண்ணா, கொஞ்சம் தொறங்க."

"தொறக்கக் கூடாதும்மா. தொறந்தா ஜனங்க உள்ள போயிடுவாங்க."

"அதுக்குத்தானே கட்டினாங்க?"

"கட்டினப்ப அதுக்குத்தான். பெயிண்ட் அடிச்சப்புறம் ஷோக்கா இருக்குது, யூஸ் பண்ணா அசிங்கமாயிடும்னுட்டாங்க. சாவி இன்ஜினியர் சார்கிட்ட."

"அவர் எங்க?"

"சிங்கப்பூர். ஊரை எப்படி சுத்தமா வெச்சுக்கறதுன்னு ட்ரெய்னிங்."

சுதீர் இதை 'பாதுகாக்கப்பட்ட கலை' என்று மொழிபெயர்த்தார். ஹெல்கா தலையசைத்தார். அவர் முகமும் சிவந்திருப்பதை லாவண்யா அப்போதுதான் கவனித்தாள். அவரும் இரண்டு இளநீர் குடித்தவர்தானே! இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எதிர்ச் சந்தில் எல்லம்மா என்ற பெண் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லாவண்யா வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டாள்.

"அய்யோ, இதுக்கெதுக்கும்மா இழுக்கற? பின்னாடி இருக்குது, போ. வெள்ளைக்காரம்மாவையும் கூட்டினு போ."

தகரக் கதவு, சாயம் போன பச்சை, கொக்கி மட்டும். முதலில் அம்மையாரை அனுப்பினாள். பிறகு தானும் போய் வந்தாள். உலகம் மறுபடியும் அழகாக இருந்தது.

"இந்த ஊரில் நான் பார்த்த மிகச் சிறந்த படைப்பு, இந்தக் கதவு," என்றார் ஹெல்கா.

சுதீர் சிலிர்த்துப்போனார். பண்பாட்டுக் குழு அந்த இடத்திலேயே, தலைவர் ஒருவரின் ஏகமனதான ஆதரவோடு, தீர்மானம் நிறைவேற்றியது.

"ஏம்மா, இந்தக் கதவுல நாங்க ஃப்ரீயா ஒரு படம் வரைஞ்சு தரட்டா? அதே மாதிரி அருவி?"

"போடுங்க சாமி, நல்லாத்தான் இருக்கும்," என்றாள் எல்லம்மா, வாயெல்லாம் பல்லாக.

ஜெர்மனி போனால் போகட்டும் என்று லாவண்யா கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேணாங்க்கா. படம் போட்டா பூட்டிடுவாங்க."